ஹீ என்று அச்சடித்த பட்டம்

கோவில்பட்டியிலிருந்து நாலுவழிச் சாலையில் கயத்தாறு பக்கம் போயிருப்பீங்க. ரெண்டு பக்கமும் கரிசல் காடு. கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் காற்றாலை. பஸ் ஜன்னல் வழியா நாம எல்லாரும் காற்றாலையைத்தான் போட்டோ எடுப்போம். அதுக்குப் பின்னால வரிசையா நிற்கிற டவர்களையும், அதில் தொங்குகிற கம்பிகளையும் யாரும் கண்டுக்கிறதில்லை. ஆனா எலக்ட்ரிக்கல் படிக்கிற நீங்க கொஞ்சம் கண்டுக்கணும். காற்றாலை சுத்தினா மட்டும் போதாது. அது தருகிற மின்சாரத்தின் அழுத்தத்தை ஏத்தி, கம்பி வழியா சப்ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஊருக்கு அனுப்பணும்.

அந்த ஒரு டவரை நட்டு நிறுத்துவதற்கே எவ்வளவு கணக்கு! ரெண்டு டவருக்கு நடுவில் கம்பி எவ்வளவு தொய்யும், ஆடி மாசக் காற்றில் எவ்வளவு ஆடும், கோடை வெயிலில் எவ்வளவு நீளும்? அதோட நம்ம மண்ணும் சாதாரண மண் இல்லை. கரிசல் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், வெடிப்புக்குள்ள கையை விடலாம். இப்படி மூச்சு விடுகிற மண்ணில் அஸ்திவாரம் போட தனிக் கணக்கே இருக்கு. மின்பாதையை வடிவமைக்கிற வேலைன்னா இதெல்லாம் சேர்ந்ததுதான்.

இந்த வேலையை, நாடு சுதந்திரம் அடைஞ்ச மறுவருசமே, ஒரு பெண் செய்ய ஆரம்பிச்சுட்டார். கல்கத்தாவில், ஒரு பிரிட்டிஷ் கம்பெனியில், மின்பாதை டிசைன், சப்ஸ்டேஷன் லேஅவுட், பாதுகாப்பு ரிலே என்று. இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர். பேரு கொஞ்சம் நீளம்: அய்யலசோமயாஜுல லலிதா. சுருக்கமா ஏ. லலிதா.

முதல் பெண் என்கிற பட்டத்தோட பொதுவா கதையை முடிச்சிடுவாங்க. பொது அறிவுப் போட்டியில் ஒரு மார்க் கேள்விக்கு அது போதும். எனக்கு அவர் ஏன் இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார் என்கிற காரணம்தான் பெருசாத் தெரியுது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லலிதா பிறந்தது 1919 ஆகஸ்ட் 27, சென்னையில். வீட்டில் தெலுங்கு பேசுகிற நடுத்தரக் குடும்பம். (நம்ம கரிசக்காட்டு ஊர்களில் பாதி வீட்டுக்குள்ள தெலுங்குதானே, அதனால இது ஒண்ணும் தூரத்துக் கதை இல்லை.) ஏழு பிள்ளைகளில் அஞ்சாவது. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் துறைப் பேராசிரியர். வீட்டில் ஆம்பளைப் பிள்ளைங்க இன்ஜினியர் ஆனாங்க, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு அடிப்படைப் படிப்பு, அப்புறம் கல்யாணம். அந்தக் காலத்து வழக்கம் அப்படி. பேராசிரியர் வீடும் அதுக்கு விதிவிலக்கு இல்லை.

1934-ல் லலிதாவுக்குக் கல்யாணம். வயசு 15. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயசு ஆகியிருக்கணும் என்று சாரதா சட்டம் வந்து அஞ்சு வருசம்தான் ஆகியிருந்தது, அதனால சட்டப்படி தப்பில்லை. கல்யாணம் ஆனாலும் பத்தாவது வரைக்கும் படிக்கட்டும் என்று அப்பா உறுதியா இருந்தார். இந்த ஒரு பிடிவாதம் பின்னாடி எவ்வளவு தூரம் உதவியது என்று பாருங்க. அந்தப் பத்தாவது இல்லைன்னா அடுத்து நடந்த எதுவுமே நடந்திருக்காது.

1937-ல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு மாசம் ஆகும்போது கணவர் இறந்துட்டார். லலிதாவுக்கு வயசு 18.

அந்தக் காலத்தில், அந்தச் சமூகத்தில், 18 வயசுக் கைம்பெண்ணுக்கு என்ன எதிர்காலம் வச்சிருந்தாங்க என்று உங்க பாட்டிகிட்ட கேட்டா சொல்வாங்க. தலையை மழித்து, நகையைக் கழட்டி, ஒரு மூலையில் உட்கார வைக்கிற வழக்கம் அப்போ உயிரோட இருந்தது. லலிதா கைக்குழந்தையோட அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். வந்தவர் மூலையில் உட்காரவில்லை. ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து என்ன படிப்பது? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு.

மருத்துவம் படிச்சிருக்கலாம். பெண்கள் டாக்டர் ஆவது அப்போ புதுசு இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் முத்துலட்சுமி ரெட்டி பட்டம் வாங்கியது 1912-லேயே. பாதை ஏற்கெனவே போட்டிருந்தது. ஆனா லலிதா கணக்குப் போட்டுப் பார்த்தார். டாக்டர்னா நடுராத்திரியிலும் கதவைத் தட்டுவாங்க, குழந்தையை விட்டுட்டு ஓடணும். அதுக்கு மனசு வரலை. காலையில் ஒன்பது மணிக்குப் போய் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீடு திரும்புகிற வேலைதான் வேணும். அப்பா, அண்ணன் தம்பி எல்லாரும் அப்படித்தான் வேலை பார்க்கிறாங்க. அப்போ இன்ஜினியரிங்தான் சரி.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. இன்னைக்கு நம்ம பக்கத்து வீடுகளில் என்ன சொல்றாங்க? பொம்பளைப் பிள்ளைக்கு சைட் வேலை ஒத்து வராது, நேரம் காலம் இல்லாத வேலை, ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருகிற வேலையாப் பாரு. கோர் கம்பெனியில் கிடைச்ச வேலையை வீட்டில் சொன்னதால வேண்டாம்னு விட்ட அக்காக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க, நானும் பார்த்திருக்கேன். குழந்தை குட்டின்னு ஆன பிறகு எப்படிச் சமாளிப்பே என்கிறதுதான் கடைசி ஆயுதம். அந்தக் குழந்தைக்காகத்தான் 1940-ல் ஒருத்தர் இந்தத் துறைக்குள்ளேயே வந்தார். காரணம் அதேதான், முடிவுதான் நேர் எதிர்.

அப்பா பேராசிரியர், அதனால சுலபமா சீட் கிடைச்சிருக்கும்னு நினைச்சா அது பாதி உண்மைதான். கிண்டி கல்லூரியின் வேர் 1794-ல் ஆரம்பிச்ச சர்வே பள்ளி. அதிலிருந்து கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 150 வருசம் அங்கே ஒரு மாணவிகூடப் படிச்சதில்லை. சேர்க்கக் கூடாது என்று விதி இருந்ததோ இல்லையோ, சேர்க்கலாம் என்கிற நினைப்பே யாருக்கும் இல்லை. சுப்பாராவ் அப்போதைய முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமும் சம்மதிச்சார். 1940-ல் லலிதா எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தார். நூத்துக்கணக்கான பசங்களுக்கு நடுவில் ஒரே ஒரு மாணவி, அதுவும் ஒரு குழந்தைக்குத் தாய்.

பசங்க தொந்தரவு பண்ணலை, மரியாதையாத்தான் நடந்துகிட்டாங்க. கஷ்டம் வேற இடத்தில் இருந்தது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கணும். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது, வார இறுதியில் போய்ப் பார்த்துட்டு வருவார். ஹாஸ்டலில் இவருக்குன்னு இடம் ஒதுக்கினாங்க, சரி. ஆனா பேச்சுத்துணைக்கு ஒரு ஆள் கிடையாது. பகலில் லேப், ஒர்க்‌ஷாப் என்று பொழுது ஓடிடும். ராத்திரி என்ன பண்ணுவது? தனிமை தாங்க முடியலைன்னு அப்பாகிட்ட சொன்னார்.

வேற அப்பாவா இருந்தா, போதும்மா, வீட்டுக்கு வந்துடுன்னு சொல்லியிருப்பார். சுப்பாராவ் என்ன செஞ்சார் தெரியுமா? பெண்களும் கிண்டியில் இன்ஜினியரிங் படிக்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்க வச்சார். மகளுக்குத் துணை தேடினதில் ரெண்டு பேர் சிக்கினாங்க: லீலாம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா. ரெண்டு பேரும் கேரளப் பக்கம், ரெண்டு பேரும் சிவில். த்ரேசியா பின்னாடி 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார், இந்தியாவில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். ஒரு பெண்ணோட தனிமையைப் போக்கக் கொடுத்த விளம்பரம், ஒரு மாநிலத்துக்குச் சீஃப் இன்ஜினியரைக் கொடுத்திருக்கு!

லலிதா மத்த ரெண்டு பேருக்கும் ஒரு வருசம் சீனியர். ஆனா இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம், இன்ஜினியர்கள் அவசரமாத் தேவைப்பட்டதால படிப்புக் காலத்தைச் சில மாசம் குறைச்சாங்க. அதனால மூணு பேரும் சேர்ந்தே பட்டம் வாங்கினாங்க. அப்போ ஒரு வேடிக்கை. சான்றிதழ் படிவத்தில் ஆணைக் குறிக்கிற ‘ஹீ’ என்கிற வார்த்தைதான் அச்சாகியிருந்தது. வேற யாரும் வாங்கப் போறதில்லைன்னு அச்சடிச்சு வச்ச படிவம். அதைப் பேனாவால் அடிச்சுட்டு ‘ஷீ’ என்று கையால் எழுதிக் கொடுத்தாங்க. 150 வருச வழக்கம் மாறினதுக்கு ஆன செலவு ஒரு பேனாக் கோடுதான்.

செய்முறைப் பயிற்சிக்கு பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப். ரயில் இன்ஜின்களை முழுசாப் பிரிச்சு, பழுது பார்த்து, மறுபடி மாட்டுகிற பெரிய பட்டறை. ஒரு வருசம் அங்கே அப்ரன்டிஸ். கிரீஸும் இரும்புத்தூளும் இருக்கிற இடத்தில் ஒரு பெண் வேலை கத்துக்கிறதை அங்கிருந்த தொழிலாளிகள் எப்படிப் பார்த்திருப்பாங்க என்று யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு இன்டர்ன்ஷிப் சான்றிதழ் வாங்க மூணு நாள் போயிட்டு வருகிற நம்மளையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

முதல் வேலை 1944-ல் சிம்லாவில், மத்தியத் தரநிர்ணய அமைப்பில் இன்ஜினியரிங் உதவியாளர். ஏன் அவ்வளவு தூரம்? அங்கே அவரோட சகோதரர் குடும்பம் இருந்தது. குழந்தையைக் கூட வச்சுக்கலாம், வேலைக்குப் போகும்போது பார்த்துக்க வீட்டில் ஆள் இருக்கு. லலிதாவின் வாழ்க்கையில் ஒவ்வொரு ஊர் மாற்றத்தையும் இப்படித்தான் புரிஞ்சுக்கணும்னு எனக்குத் தோணுது. வேலை எங்கே என்கிற கேள்வியோட, மகள் யாரோட இருப்பாள் என்கிற கேள்வியும் சேர்ந்தே வரும். ரெண்டுக்கும் விடை ஒத்துப்போகிற ஊருக்குத்தான் போவார். (அதே 1944-ல்தான் நம்ம பக்கத்தில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. தாமிரபரணித் தண்ணியில் நம்ம ஜில்லாவுக்கு மின்சாரம் வந்த காலமும், ஒரு பெண் மின்பொறியாளர் சம்பளம் வாங்க ஆரம்பிச்ச காலமும் ஒண்ணு.)

சிம்லாவில் இருக்கும்போதே லண்டன் மின்பொறியாளர் கழகத்தின் தேர்வையும் எழுதி முடிச்சார். 1946 கடைசியில் சென்னைக்குத் திரும்பி, அப்பாவோட ஆராய்ச்சிக்குச் சில மாசம் உதவினார். சுப்பாராவ் சும்மா பாடம் நடத்துகிற ஆள் இல்லை. ஜெலெக்ட்ரோமோனியம் என்று மின்சாரத்தில் இயங்குகிற ஒரு இசைக்கருவி, புகையில்லா அடுப்பு, மின்சாரச் சுடர் கருவி என்று என்னென்னமோ செஞ்சு பார்த்து காப்புரிமை வாங்கினவர். கேட்கவே ஆசையா இருக்கில்ல? எனக்கெல்லாம் அந்த லேபிலேயே காலம் பூரா இருந்திருக்கலாம்னு தோணும். ஆனா மகளுக்கு அப்போ பத்து வயசு. அவளைப் படிக்க வைக்கணும், அதுக்கு மாசம் தவறாம வருகிற சம்பளம் வேணும்.

1948-ல் கல்கத்தா. அசோசியேட்டட் எலக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ், சுருக்கமா ஏ.இ.ஐ. அங்கேயும் இன்னொரு சகோதரர் குடும்பம் இருந்தது. கடைசி வரைக்கும் அந்த ஊர்தான் அவர் இருப்பிடம்.

ஆரம்பத்தில் டிசைன் வேலை. முதல் ரெண்டு பத்தியில் நான் சொன்னேனே, அந்த மின்பாதைக் கணக்குகள்தான். பிறகு பக்ரா நங்கல் திட்டம் வந்தது. சட்லெஜ் ஆத்துக்குக் குறுக்கே கிட்டத்தட்ட 226 மீட்டர் உயரத்தில் ஒரு அணை. சுதந்திர இந்தியாவின் பெரிய கனவு அதுதான், 1963-ல் நேரு நாட்டுக்கு அர்ப்பணிச்சார். அந்தத் திட்டத்தின் ஜெனரேட்டர் வேலைகளில் லலிதாவுக்கும் பங்கு உண்டு. அணையின் போட்டோவில் நேரு இருப்பார், லலிதா இருக்க மாட்டார். மின்பொறியாளர்கள் எந்தப் போட்டோவில்தான் இருந்திருக்காங்க!

அப்புறம் சப்ஸ்டேஷன் லேஅவுட், பாதுகாப்புக் கருவிகள், ஒப்பந்த வேலைகளை நடத்திக் கொடுப்பது என்று பொறுப்பு கூடிக்கிட்டே போச்சு. சைட்டுக்குப் போய்த் தங்குகிற வேலைகளைவிட ஆபீஸில் இருந்து செய்கிற டிசைன் வேலை அவருக்குப் பொருந்தி வந்தது. அந்தக் காலத்தில் தனியா ஒரு பெண், அதுவும் கணவர் இல்லாதவர், ஊர் ஊராத் தங்குவது சுலபம் இல்லை. இதை ஒரு குறையாச் சொல்கிறவங்க இருக்கலாம். நான் அப்படி நினைக்கலை. கையில் இருக்கிற கட்டுப்பாட்டுக்குள்ள நல்ல டிசைன் எது என்று பார்க்கிறதுதானே நாலு வருசமா நமக்குச் சொல்லித் தர்றாங்க. 1953-ல் லண்டன் மின்பொறியாளர் கழகம் அவரை இணை உறுப்பினர் ஆக்கியது, 1966-ல் முழு உறுப்பினர்.

மறுமணம் செஞ்சுக்கலை. வளர்ந்த பிறகு மகள் இதைப் பத்திக் கேட்டப்போ, இன்னொரு தடவை ஒரு வயசான ஆளைப் பார்த்துக்கிற வேலை எதுக்கு என்கிற மாதிரி கிண்டலாச் சொல்லித் தள்ளிட்டாராம். அப்பா இல்லாத குறை தெரியாமதான் வளர்ந்தேன் என்று அந்த மகள் பின்னாளில் அம்மாவைப் பத்திப் பெருமையாச் சொல்லியிருக்கார்.

இங்கே ஒண்ணைச் சொல்லியாகணும். இப்படிப்பட்ட வாழ்க்கைக் கதைகளை மேடையில் சொல்லும்போது, தன்னந்தனியா போராடி ஜெயிச்சார் என்றுதான் சொல்வாங்க. லலிதா விஷயத்தில் அது பொய். திறமையும் உழைப்பும் அவருடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனா கல்லூரிக் கதவைத் தட்டின ஒரு அப்பா இருந்தார். குழந்தையைத் தன் குழந்தையோட குழந்தையா வளர்த்த உறவுக்காரங்க இருந்தாங்க. சிம்லாவில் ஒரு வீடு, கல்கத்தாவில் ஒரு வீடு, ரெண்டிலும் சோறு போட்டுப் பார்த்துக்கிட்ட பெண்கள் இருந்தாங்க. அவங்க பேரு எந்தப் பட்டியலிலும் வராது. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற நம்ம ஊர் அம்மாக்கள் எத்தனை பேர், கைக்குழந்தையை ஆச்சிகிட்டயோ பக்கத்து வீட்டு மதினிகிட்டயோ விட்டுட்டுப் போறாங்க? அவங்களுக்கு இது புதுசாத் தெரியாது. நம்ம வீடுகளில் ஒரு பொண்ணு சைட் வேலைக்குப் போகணும்னா, அவளைப் பார்த்து உன்னால் முடியுமான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, வீட்டில் இருக்கிற ஆம்பளைங்க நாம என்ன பண்ணப்போறோம்னு ஒரு தடவை கேட்டுக்கலாம். சுப்பாராவ் கேட்டுக்கிட்டார்.

1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. லலிதாவுக்கு அழைப்பு வந்தது. இந்தியாவில் அப்போ அப்படி ஒரு அமைப்பே கிடையாது, அதனால யாருடைய பிரதிநிதியாகவும் இல்லாம தனி ஆளாகத்தான் போனார். நூத்தம்பது வருசத்துக்கு முன்னாடி பிறந்திருந்தா கணவரோட சிதையில் தன்னையும் ஏத்தியிருப்பாங்க என்கிற பொருளில் அங்கே பேசினார் என்று பதிவு இருக்கு. சதி தடைச் சட்டம் வந்தது 1829-ல், கணக்குச் சரியாத்தான் இருக்கு. திரும்பி வந்ததும் பெண்கள் பத்திரிகைகள் தேடி வந்து பேட்டி எடுத்தன. மத்த பெண்களுக்கும் இந்தத் துறை தெரியட்டும் என்றுதான் அவரும் பேசினார்.

அதோட நிறுத்தலை. 1965-ல் லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினர் ஆனார். அடுத்த மாநாடு 1967-ல் கேம்பிரிட்ஜில். அதுக்கு இந்தியப் பிரதிநிதி பொறுப்பு அவரிடம் வந்தது. நாட்டில் எங்கெங்கே பெண் இன்ஜினியர்கள் இருக்காங்க என்று தேடி, தகவல் சொல்லி, கிளம்ப வச்சார். இந்தியாவிலிருந்து அஞ்சு பெண்கள் அந்த மாநாட்டுக்குப் போனாங்க. ஹாஸ்டல் ராத்திரியில் பேச்சுத்துணை இல்லாம இருந்தவர், 27 வருசம் கழிச்சு மத்தவங்களுக்காக அப்பா செஞ்ச அதே வேலையைச் செஞ்சிருக்கார்: ஆள் சேர்த்திருக்கார்.

கல்கத்தாவில் சுமார் முப்பது வருச உத்தியோகத்துக்குப் பிறகு 1977-ல் ஓய்வு பெற்றார். 1979 அக்டோபர் 12-ல் காலமானார். வயசு 60. மகள் அதுக்குள்ள படிச்சு, கல்யாணம் ஆகி, அமெரிக்காவில் குடும்பமா இருந்தார்.